மருந்து மணல் ஊற்று

ஆரோன், நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். நீ எனக்கு எதிரில் உட்கார்ந்து, ராபர்ட்சன்பேட்டையில் தைத்த புதுக் கோட்டுக்குத் தையல்காரன் பொத்தான் சரியாக வைத்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னிடம் நலம் விசாரிக்க ஒன்றுமில்லை. நான் ஏதோ சபைப் பாட்டு எழுதி எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாளைக்கு உனக்குக் கட்டித் தரும் சோற்று மூட்டையில் இதை மடித்து வைத்துவிடுவேன். பங்காருபேட்டையில் வண்டி மாறி ஏறியதும் உனக்குப் பசிக்கும். அப்போது படி. வாயால் சொன்னால் நடுவிலேயே எழுந்து போய்விடுகிறாய். ஓடுகிற ரயிலில் எழுந்து எங்கே போவாய்.

நீ ஊருக்குப் போவது இரண்டு காரியத்துக்காக. ஒன்று, உன் கல்யாணத்துக்கு நாள் குறிக்க. இன்னொன்று, தங்கச் சுரங்கத்து மில்லுக்குப் பின்னால் கூலிகளுக்கென்று புதிதாகக் கட்டியிருக்கிற லைன் வீடுகளுக்கு ஆள் கூட்டிவர. அந்த லைனில் இருப்பவர்கள் என்ன தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரப்போகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன் அதை நீ சொல்லப்போவதில்லை என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாய். பெற்றவள் பிள்ளையின் கல்யாணப் பயணத்தில் ஆசீர்வாதம் எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு அது வரவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் வருகிறது.

நாம் பாலாற்றங்கரை ஜனம். அந்த ஆற்றில் தண்ணீர் ஓடிப் பார்ப்பது மழைக்காலத்தில் கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் மணல்தான் ஆறு. விடிந்ததும் குடத்தையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி, நமக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்து கையால் தோண்டுவோம். முதலில் சுடுமணல், அப்புறம் ஈர மணல், அப்புறம் கலங்கலாகக் கொஞ்சம் கசியும். அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் ஊற்றுத் தண்ணீர் வரும் பார், உள்ளங்கை ரேகை தெரியும். கொஞ்சம் தள்ளி மேட்டில் மாடு படுத்திருக்கும், வண்ணார் துறையில் துணி அடித்துக்கொண்டிருப்பார்கள், அதெல்லாம் கலந்த தண்ணீர்தான் மணலுக்குள் இறங்குகிறது. ஆனால் ஊற்றுக்கு வந்து சேரும்போது ஒன்றும் இருக்காது. மணலுக்கு வாய் கிடையாது, ஆனாலும் சேற்றையும் புழுவையும் நாற்றத்தையும் தின்றுவிட்டுத் தண்ணீரை மட்டும் நமக்கு விட்டுவைக்கும். சின்ன வயதில் இதை நினைத்து நினைத்து எனக்குச் சந்தோஷம் தாங்காது. மற்ற பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள், நான் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து அடி வாங்குவேன்.

உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம் இதுதான். ஆறு கிடையாது. லைனுக்கு ஒரு கிணறு, கோடையில் அதன் அடியில் சேறு. உன் அப்பா ஷிப்டு முடிந்து ஷாப்டு என்கிற சுரங்கக் குழியிலிருந்து ஏறி வந்தவர், வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கிணற்றடியில் நின்று வயிறு நிறையக் குடித்தார். மறுநாள் வாந்திபேதியில் போய்விட்டார். அவர் மட்டுமில்லை, அந்தக் கோடையில் எங்கள் வரிசையில் பாதி வீட்டில் ஆள் போனார்கள். அந்தத் துக்கத்தில் நான் இரண்டு காரியம் கற்றுக்கொண்டேன். பாட்டுத் தாள்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். கோயிலில் மிஷன் அம்மா ஒருத்தி கொடுத்த ஒரு தாளைப் பார்த்து மூன்று பானை வைக்கக் கற்றேன்.

அந்த மூன்று பானைக்குள்தான் நீ வளர்ந்தாய் என்று சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். மேல் பானையில் கரி, நடுப்பானையில் மணல், இரண்டுக்கும் அடியில் சின்ன ஓட்டை, ஓட்டையில் தேங்காய் நார். கீழ்ப்பானை வெறும் பானை. மேலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கீழே பாலாறு சொட்டும். தொடங்கின புதிதில் மணல் மேல் வழவழவென்று ஒரு ஆடை படிந்ததைப் பார்த்து அருவருத்து வழித்துப் போட்டுவிட்டேன். அந்த வாரம் உனக்கு வயிறு போயிற்று. மறுபடி அந்த ஆடை படிகிற வரைக்கும் தண்ணீர் சரிப்படவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த அழுக்கு ஆடைதான் முக்கால் வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகு ஓட்டம் அடியோடு நின்றால்தான் மேலாக வழித்துவிடுவேன், வழித்த பிறகு சில நாள் கீழே சொட்டுவதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, உனக்குக் காய்ச்சின தண்ணீரைக் கொடுப்பேன். லைனில் என்னை மணல்காரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் சொம்பை எடுத்துக்கொண்டு என் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

மணலை மட்டும் நான் இந்த ஊரில் எடுத்ததில்லை. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் ஆற்று மணலைச் சலித்து, கழுவி, காயவைத்து மூட்டை கட்டிக்கொண்டு வருவேன். இந்தத் தங்கவயலுக்கு ரயில் விட்ட புதிதில், பங்காருபேட்டை ஸ்டேஷனில் போலீஸ்காரன் நம்மை நிறுத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். திருட்டுத் தங்கத்துக்காக எல்லோர் மூட்டையையும் கிளறுகிற காலம்.

“மூட்டையில இன்னாம்மா?”

“மணலு சாமி.”

“மணலா? தங்கம் எடுக்கற ஊருக்கு மணல் தூக்கினு போறியா? அங்க இல்லாத மணலா?” என்று கையை உள்ளே விட்டுத் துழாவினான். விரலைத் தேய்த்துப் பார்த்தான், மோந்துகூடப் பார்த்தான். பிறகு சொன்னான், “அங்கேர்ந்து கொண்டாந்தா விலங்கு மாட்டுவேன். இங்கேர்ந்து கொண்டு போறவளுக்கு இன்னா மாட்றதுன்னு எங்க புஸ்தகத்துல இல்ல. போ, போ.”

பிளாட்பாரம் முழுக்கச் சிரித்தது. நீயும் அவனோடு சேர்ந்து சிரித்தாய். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் மூட்டையை விடவில்லை, ஏனென்றால் எந்த மணல் என்பது எனக்கு முக்கியம்.

இந்த ஊர் மணல் மில்லில் பிறக்கிற மணல். பாறையை இடித்து, மாவாக்கி, தங்கத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுகிறார்கள். நாம் வந்த புதிதில் அது வெறும் கல்மாவு. அதன் அடிவாரத்தில் கசிகிற தண்ணீரைச் சிலர் மொண்டு குடிக்கவும் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு மில்லில் மருந்து வந்தது. சயனைடு என்று துரைமார் சொல்வதை நம் ஆட்கள் மருந்து என்றுதான் சொல்கிறார்கள். பெரிய பெரிய தொட்டிகளில் மணலை நிரப்பி மருந்துத் தண்ணீரை விட்டால், மணலில் ஒட்டிக்கொண்டிருக்கிற கடைசித் தங்கமும் கரைந்து வந்துவிடும். அப்புறம் அந்த மருந்து குடித்த மணலை அள்ளி வெளியே கொட்டுவார்கள். பார்ப்பதற்கு முன்பு இருந்த மணலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதே வெளுப்பு, அதே நைஸ். மேடு வளர்ந்து மலையாகிவிட்டது.

அந்தத் தொட்டியில் இறங்கி மணல் அள்ளுகிற வேலையைத்தான் நீ மேஸ்திரி ஆகும் வரை செய்தாய். முதல் வாரம் வேலை முடிந்து வந்தவன் பானையைத் தொடப்போன என்னைத் தடுத்தாய். “எம்மா, என் துணியத் தொட்ட கையால பானையத் தொடாத. இரு, நானே கழுவிகினு வரேன். அந்த மருந்து ஒரு சொட்டு போதும், மாடே சாஞ்சிடும்” என்றாய். எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. என் பிள்ளைக்குத் தண்ணீரின் அருமை தெரிகிறது என்று சபையில் பெண்களிடம் சொல்லிக்கொண்டேன். என் பானைத் தண்ணீரைக் காப்பாற்றிய அந்த வாயால்தான் நீ கன்னியம்மாவுக்கும் பதில் சொன்னாய்.

கன்னியம்மாவும் அவள் புருஷன் முருகேசனும் போன பங்குனியில் நீ கூட்டிவந்த கும்பலில் வந்தவர்கள், நம் ஊர்க்காரர்கள். கையில் ஒரு ஆண் குழந்தை, சின்னராசு, தத்தித் தத்தி நடக்கிற வயது. அவளைப்போலத் தண்ணீருக்குப் பயந்தவளை நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் வாந்திபேதி அதிகம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்றாள். புது லைனிலிருந்து கிணறும் தூரம். உன்னிடம் அவள் என்ன கேட்டாள், நீ என்ன சொன்னாய் என்பதை அவளும் சொன்னாள், பக்கத்தில் நின்றவர்களும் சொன்னார்கள், நீயும் மறுக்கவில்லை.

“அண்ணா, மணலாண்ட ஊத்து தோண்டியிருக்கேன். கண்ணாடியாட்டம் ஊறுது. குடிக்கலாமா?”

“எங்க தோண்டின?”

“லைனுக்குப் பின்னாடி. பெரிம்மா வூட்ல ஒரு பானை மணல் வெச்சிகினு அத்தினி பெருமை பட்டுக்கறாங்க. எனக்குப் பார், மலையே கீது.”

எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயாம். சிரித்துவிட்டு, “நம்ப ஆத்துத் தண்ணியாட்டம்தான் இருக்கும், போ” என்றாயாம்.

ஆரோன், இந்தத் தப்பை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்கள். கோலார்ப் பக்கத்து ஜனம் ஏரித் தண்ணீர் குடிக்கிறவர்கள், கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள். அவர்களுக்கு மணலைப் பார்த்தால் மணல்தான். நம் பெண்களுக்கு மட்டும்தான் மணலைப் பார்த்தால் தாகம் எடுக்கும். மணலடியில் ஈரம் தெரிந்தால் கை தானாகத் தோண்டும். அவள் சோம்பேறித்தனத்தில் செய்யவில்லை, அழுக்குத் தண்ணீரும் கொடுக்கவில்லை. முதலில் வந்த கலங்கலை இறைத்து ஊற்றினாள், துணியை மடித்து வடிகட்டினாள், ஆற்றங்கரையில் அவள் அம்மா செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். ஊற்றின் ஓரத்தில் லேசாக நீலம் படிந்திருந்தது. சலவைக்குப் போடுகிற நீலம்போல இருக்கிறதே என்று நினைத்தாளே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை. பெரியவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தது. புது ஊர், புதுக் காற்று, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் மில்காரர்கள் அந்தப் பக்கம் புது மணலைக் கொட்டினார்கள், தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது, ஈரம் சொட்டச் சொட்ட. அன்று ஊற்றில் தண்ணீர் நிறைய வந்ததாம். குழந்தை வெயிலில் விளையாடிவிட்டு வந்து கேட்டது, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு இன்னும் கேட்டிருக்கிறான், இன்னும் கொடுத்திருக்கிறாள். உலையில் அரிசி வேகிறதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடியபோது அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், அதே குடத்திலிருந்து. மில்லின் காவல்காரர், தெலுங்குக்காரர், தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்து அந்தக் குடத்தைக் காலால் எட்டி உதைத்தார். “வத்தம்மா, வத்து. தொடாத, இது மந்து நீளு, மருந்துத் தண்ணி. போன வாரம் ரெண்டு ஆடு இங்கதான் செத்துது. போர்டு வெச்சிருக்காங்க, பாக்கலியா?” என்றார். போர்டு வைத்திருக்கிறார்கள்தான். மணல் மலைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷில்.

அடக்கம் முடிந்து சில நாளில் புது லைன் பெண்கள் என் வாசலுக்கு வந்தார்கள். கிணற்றுக்குப் போய் வரிசையில் நின்றால் பழைய லைன்காரர்கள் விடுவதில்லை, அடித்துத் துரத்துகிறார்கள். ஊற்றுத் தண்ணீரை என்னைப்போல மூன்று பானையில் ஊற்றி வடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார்கள்.

“உங்க பானைதான் எல்லாத்தையும் எடுத்துடுமே பெரிம்மா. மருந்த மட்டும் எடுக்காதா?”

ஆகும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது தெரியுமா. எத்தனை வருஷமாக அந்தப் பானையைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எழுந்து அடுப்படிக்குப் போனேன். உப்பு ஜாடியை எடுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்து, அவர்கள் கண் முன்னாலேயே மேல் பானையில் ஊற்றினேன். பானையில் இருந்த நல்ல தண்ணீர் முதலில் இறங்கியது. அது தீர்ந்து உப்புத் தண்ணீர் வரட்டும் என்று மேலும் மேலும் கரைத்து ஊற்றிவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கீழே வந்ததைச் சிரட்டையில் பிடித்துக் கொடுத்தேன்.

“கரிக்குதே.”

“மணலு உப்ப எடுக்கல, பாத்தியா?”

“அப்ப இன்னாத்ததான் எடுக்கும்?”

“தண்ணில மெதக்கறத எடுக்கும், கலங்கறத எடுக்கும், நெளியறத எடுக்கும். கரைஞ்சி போனத இது எடுக்காது. மருந்து தங்கத்தையே கரைக்குதாம். அது தண்ணில கரையாம நிக்குமா?”

ஒருத்தி எழுந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “மணல்காரம்மா மணல் ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு சொல்ற நாளும் வந்துச்சி” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அது கேலியைவிட மோசமாக இருந்தது.

அன்றைக்கு உன்னை நிற்க வைத்துக் கேட்டேன். அந்தப் பேச்சை இங்கே எழுதுகிறேன், உனக்கு மறந்துபோகிற வழக்கம் இருப்பதால்.

“அது மருந்து மணல்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

“அவ கேக்கறப்ப சுத்தி எல்லாரும் நின்னுகினு இருந்தாங்க. இது மருந்துத் தண்ணின்னு சொன்னா மொத்தப் பேரும் அடுத்த வண்டில ஏறியிருப்பாங்க. லைன் காலியா கெடந்தா தொர என்னத்தானே கேப்பாரு?”

“அப்புறமா தனியா கூப்ட்டு சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். வேலைல மறந்துட்டேன்.”

மறந்துட்டேன். நீ அழுதிருந்தால் நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையில் வாங்க வேண்டிய சாமானை மறந்தவன் சொல்கிற மாதிரி சொன்னாய். இந்த முறை ஊருக்குப் போனால் சொல்வாயா என்று கேட்டேன். “வந்து எறங்கட்டும்மா. வந்தப்புறம் சொல்லிக்கலாம். குழாய் போடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது” என்றாய். அது வரைக்கும் அவர்கள் என்ன குடிப்பார்கள் என்றால், “அதான் நீ பானை வெச்சிருக்கியே, எல்லாருக்கும் சொல்லிக் குடு” என்றாய். அப்போதுதான் சிரட்டையில் மிச்சம் இருந்ததை உன் கையில் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாய். துப்பிவிட்டுக் கோட்டுக்கு அளவு கொடுக்கக் கிளம்பிப் போனாய்.

நான் யோசித்துப் பார்த்தேன், நீ ஏன் இப்படி ஆனாய் என்று. நீ கெட்டவன் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாய், குடிப்பதில்லை, கோயிலில் முன் வரிசையில் நின்று பாடுகிறாய். ஆனால் உன் வாழ்நாளில் ஒரு குடம் தண்ணீர் நீ தூக்கியதில்லை. நீ ஆண்பிள்ளை, நான் தூக்கினேன். உனக்குத் தண்ணீர் என்றால் கீழ்ப்பானையில் எப்போதும் இருப்பது. அது எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருந்தது, யார் வரிசையில் நின்றார்கள், யாரிடம் ஏச்சு வாங்கினார்கள் என்பதெல்லாம் உனக்கு ஒரு கதை. கல்யாணம் ஆகிறவனுக்குச் சொல்லும் புத்தி இது ஒன்றுதான். அந்தப் பெண் உன் வீட்டுக்கு வந்தால் முதல் வருஷம் நீ தண்ணீர் தூக்கு. வரிசையில் நில், கயிற்றைப் பிடி, தோள் காய்க்கட்டும், உன்னைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். ஒரு குடத்தைச் சுமந்து வீடு வந்து சேர்ந்தவன் வாயிலிருந்து, குடிக்கலாம் போ என்று அவ்வளவு சுலபமாக வார்த்தை வராது.

அந்தப் பெண் வந்தால் என்று ஏன் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னியம்மா வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டாள். நீ கவனித்திருக்க மாட்டாய். முருகேசன் வேலையை விட முடியாமல் இங்கே ஷாப்டில் இறங்கிக்கொண்டிருக்கிறான், அவளால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. நீ இப்போது படிப்பது இந்தக் கடிதத்தின் நகல். முதல் பக்கத்தில் உன் கோட்டைப் பற்றி எழுதியதும் இந்தக் கடைசிப் பக்கமும் தவிர மற்றதெல்லாம் அவள் மடியில் போயிருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனம் கலைவதற்கு முன் உரக்கப் படிக்கச் சொல் என்று அனுப்பினேன். நான் இதை எழுதுகிற இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்நேரம் படித்து முடித்திருப்பார். உனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். இனிப் பந்தல் போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அப்புறமும் செய்திருப்பேன். அதற்குக் கேட்காமல் செய்வதே மேல் என்று பட்டது.

இங்கே வரவே வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதவில்லை. அங்கே அவர்களுக்கு மழை இல்லை, பசி இருக்கிறது, அதைத் தடுக்க நான் யார். அந்தக் கடிதத்தின் அடியில் அவர்களுக்கென்று நான் சேர்த்து எழுதியது இவ்வளவுதான். வருவதானால் மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைனில் வீடு வாங்காதீர்கள், பழைய லைனில் கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் என் வீட்டு வாசலில் படுங்கள். நந்திதுர்க் சுரங்கத்துக்குப் போகும் பாதையில் ஒரு கிணறு இருக்கிறது, தூரம்தான், ஆனால் அதன் பக்கத்தில் எந்த மணலும் இல்லை. அந்தத் தண்ணீரையும் வடித்துக் குடியுங்கள். வடிப்பதற்கு நம் ஆற்று மணலை மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள், ஸ்டேஷனில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்த ஊரில் தெளிவாக இருக்கிறது என்பதற்காக ஒரு தண்ணீரையும் நம்பாதீர்கள். கூட்டிவருகிற மேஸ்திரி என் மகன். அவனிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். எல்லோரும் நிற்கும்போதே கேளுங்கள்.

நீ ஆம்பூரில் இறங்கி அந்த வெயிலில் நடந்து போய்ச் சேரும்போது அவர்கள் உன்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன். அடிக்க மாட்டார்கள், பயப்படாதே. வந்து நிற்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் நம் ஜனம் ஒரு வார்த்தை பேசாது. யாராவது ஒரு சொம்பு கொண்டுவந்து நீட்டுவார்கள், கன்னியம்மாவே கொண்டுவந்தாலும் வருவாள். வாங்கிக் குடி. அது நல்ல தண்ணீரா என்று நீ கேட்க வேண்டியிருக்காது.